வாலாட்டிக்குருவியும் உறைந்த ஆறும்

பறவையும் மனிதரும் ஒரே மொழி பேசிய அந்தக் காலத்தில், வடக்கே பனிமலைகளுக்கு நடுவே ஓர் ஆறு இருந்தது. குளிர்காலம் முழுவதும் அது கல்லாக உறைந்து கிடக்கும். குளிர் முடியும் நாட்களில்தான் ஆபத்து. பனிக்கட்டி பாளம் பாளமாக உடைந்து மிதந்து வந்து, குறுகலான பாறை இடுக்கில் அடைத்துக்கொள்ளும். பின்னால் வரும் தண்ணீர் போக வழியில்லாமல் கரையேறி ஊருக்குள் புகுந்துவிடும்.

அதனால் ஊரார் ஒரு சின்னக் குருவியைக் காவலுக்கு வைத்திருந்தார்கள். அது பனிக்கட்டியின் மேல் அசையாமல் நின்று, அடியில் எழும் சத்தத்தைக் கேட்கும். சத்தம் மாறினால் கூவும். எல்லாரும் மேட்டுக்கு ஓடுவார்கள்.

அந்த ஆண்டு அது இரண்டு முறை கூவியது. இரண்டு முறையும் அடைப்பு தானாகவே விலகி, தண்ணீர் வடிந்துவிட்டது. மேட்டில் குளிரில் நடுங்கியதுதான் மிச்சம்.

இரண்டாம் முறை கூவியதற்கு அடுத்த நாள் யாங்டோல் என்ற பெண் ஆற்றங்கரைக்கு வந்தாள். பிள்ளை பெற்றுப் பத்து நாள்கூட ஆகவில்லை.

"குருவி, குழந்தைக்குச் சளி கட்டிவிட்டது. மூச்சுவிடவே திணறுகிறது. இன்னொரு தடவை அந்தக் குளிரில் தூக்கிப் போனால் தாங்காது. நிச்சயமாகத் தெரிந்தால் மட்டும் கூவு, தாயே."

குருவிக்கு வெட்கமாக இருந்தது. "சரி, அம்மா. கண்ணால் பார்த்துவிட்டே கூவுகிறேன்" என்றது.

மறுநாள் நடுப்பகலில் பனிக்கட்டிக்கு அடியில் ஏதோ முனகியது. கூவல் குருவியின் தொண்டைவரை வந்துவிட்டது. அந்தக் குழந்தையை நினைத்து விழுங்கிக்கொண்டது. பாறை இடுக்குவரை பறந்து போய்ப் பார்த்தது. வீட்டுக்கூரை உயரத்துக்குப் பாளங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டிருந்தன. 'போன தடவையும் இப்படித்தான் இருந்தது. விலகினாலும் விலகும்' என்று காத்திருந்தது. விலகவில்லை.

அது கூவிக்கொண்டு திரும்பியபோது தண்ணீர் வாசல்களைத் தொட்டிருந்தது. ஊரார் நனைந்த துணியோடு மேடேறினார்கள். யாங்டோலும் குழந்தையோடு ஏறிவிட்டாள். அவள் கணவன் ரிக்சின், கட்டிக்கிடந்த ஆடுகளை அவிழ்த்துவிடத் திரும்பி ஓடினான். அவன் வரவேயில்லை.

தண்ணீர் வடிந்தபின் குருவி அவள் முன்னால் வந்து நின்றது. குழந்தை அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது.

"உன்னை என்ன சொல்ல? நான்தானே கேட்டுக்கொண்டேன்" என்றாள் யாங்டோல்.

"நீங்கள் கேட்டுக்கொண்டீர்கள், அம்மா. ஆனால் அந்தச் சத்தத்தைக் கேட்டவள் நான்."

அவள் குழந்தையின் துணியை இழுத்துப் போர்த்திவிட்டாள். திட்டியிருந்தால்கூடக் குருவிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அதன்பின் அதனால் எங்கேயும் அசையாமல் நிற்க முடியவில்லை. கால் வைத்த இடத்தையெல்லாம் வாலால் தட்டித் தட்டிப் பார்த்தது. உறுதியான பாறைமேல் நின்றாலும் தட்டியது. அடுத்த குளிர் வந்து ஆற்றின் ஓரங்கள் வெளுக்கத் தொடங்கியதும், அந்த முனகலை இன்னொரு முறை கேட்கத் துணிவில்லாமல் தெற்கே பறந்துவிட்டது.

ஐப்பசி பிறந்தால் நம் வாய்க்கால் கரைகளுக்கு வாலாட்டிக்குருவி வருவதும், ஒருநாளும் உறையாத நம் தண்ணீரின் ஓரத்தில் நிற்கும்போதும் அதன் வால் ஓயாமல் ஆடுவதும் அன்று முதல்தான்.