மந்திரவாதி கேட்ட கதை

முன்னொரு காலத்தில், ஏழு மலைக்கு அப்பால் வெண்கோடு என்றொரு நாடு இருந்தது. அங்கே ஒரு குகையில் வல்லகண்டன் என்ற மந்திரவாதி வாழ்ந்தான். ஆற்றை வற்ற வைத்தவன், அரசனை ஆந்தையாக்கியவன். ஏன் என்று கேட்டால், செய்யப் பிடித்தது, செய்தேன் என்பான்.

சந்தைத் திடலில் அல்லியங்கோதை என்ற பெண் கதை சொல்வாள். விறகுவெட்டி கதை, கூனன் கதை, தவளை கதைகூடச் சொல்வாள். ஊரே வாய்பிளந்து கேட்கும். ஒரு தவளைக்கு உள்ள மதிப்பு தனக்கு இல்லையா என்று வல்லகண்டனுக்கு வயிறு எரிந்தது. தூக்கம் போனது, சோறு கசந்தது, மந்திரமும் ருசிக்கவில்லை.

ஒருநாள் திடலுக்கு வந்து, அவள் கணவன் இளவழுதியைக் கல்லாக்கினான்.

"என்னை நாயகனாக்கிக் கதை சொல். ஒருவராவது முடிவுவரை கேட்டால், நான் போட்ட கட்டெல்லாம் அவிழும். இது என்மேல் ஆணை."

முதல் தடவை அவன் செய்ததை உள்ளபடியே சொன்னாள். பாதியிலேயே கூட்டம் கலைந்தது.

இரண்டாம் தடவை, சின்ன வயதில் அவன் தாயில்லாமல் பட்டினி கிடந்ததாகச் சேர்த்தாள். கூட்டம் கண்ணைத் துடைத்தது. அவனோ சீறிக்கொண்டு கதையை நிறுத்தினான். தான் செல்லமாய் வளர்ந்தவன், இவர்கள் வேறு எவனுக்கோ அழுகிறார்கள் என்றான். அழுகை வாங்கிய அந்த எவனோ ஒருவன்மேலும் அவனுக்குப் பொறாமை.

மூன்றாம் தடவை அவனையே சொல்லச் சொன்னாள். மார்தட்டித் தொடங்கினான். ஆறு வற்றிய அன்று கைக்குழந்தையோடு ஒருத்தி வந்து தண்ணீருக்குக் கெஞ்சியதையும், தான் அவள் குடத்தை உடைத்துச் சிரித்ததையும் சொன்னான்.

"அவள் என்ன ஆனாள்?" என்று ஒரு குயவர் கேட்டார்.

"அவளை விடு. அடுத்து நான் என்ன செய்தேன் தெரியுமா?"

"நீ அடுத்ததும் இதைத்தான் செய்வாய், அது தெரிந்ததுதான். அவள் என்ன செய்வாள் என்றுதான் தெரியவில்லை."

அல்லியங்கோதைக்குத் தெரியும். நகம் பெயர்ந்தும் நிற்காமல் ஆற்று மணலைத் தோண்டியவளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். வல்லகண்டன் பல்லைக் கடித்தான். எழுந்து போய்விட நினைத்தான், கால் எழவில்லை. அவள் மூச்சு வாங்க நிறுத்தியபோது, அவனையறியாமல் கேட்டுவிட்டான்.

"தண்ணீர் வந்ததா?"

"வந்தது. முதல் கை நீரைக் குழந்தைக்குக் கொடுத்தாள். அடுத்ததைப் பக்கத்தில் தோண்டிய இன்னொருத்திக்குக் கொடுத்தாள். மூன்றாவதைத் தான் குடித்தாள். உன் கதை அங்கே முடிந்தது."

இளவழுதி கண் விழித்தான். ஆந்தை அரசனாகி மரத்திலிருந்து இறங்கியது. மலையிலிருந்து ஆறு இரைந்து வந்தது. முடிவுவரை கேட்டவர்களில் தானும் ஒருவன் என்று வல்லகண்டனுக்கு அப்போதுதான் உறைத்தது. கையை உயர்த்தினான், அவிழ்ந்த கட்டுகளோடு அவன் மந்திரமும் போயிருந்தது.

ஊரே ஆற்றைப் பார்க்க ஓடியது. அல்லியங்கோதையும் கணவனும் கைகோத்து முன்னால் போனார்கள். அரசன் அவர்களுக்கு ஆற்றங்கரையிலேயே வீடு கட்டித் தந்தான், நன்றாக வாழ்ந்தார்கள். வல்லகண்டன் மட்டும் வெறும் திடலில் நின்றான், அந்தக் குழந்தை வளர்ந்து என்ன ஆனது என்று கேட்க ஆளில்லாமல்.