முதல் மிடறு

தென்னாப்பிரிக்காவில், ஹோசா மக்களின் மலையூர் ஒன்றில், ஐம்பது வயதில் சீடனானவன் புலெலானி. மனைவி இறந்த பிறகு, மூலிகை வைத்தியம் பார்க்கும் நொசூக்கோ அம்மாளிடம் போய்ச் சேர்ந்தான். வேரையும் இலையையும் சீக்கிரம் நம்பினான். மனிதர்களை மட்டும் அவனால் நம்ப முடியவில்லை.

அந்த வருஷம் மழை பிந்தி வந்தது. ஈரம் காய்வதற்குள், இரண்டே நாளில், மக்காச்சோளம் விதைத்தாக வேண்டும். தவறினால் அவன் பிள்ளைகளுக்கு வருஷம் முழுக்கப் பட்டினிதான். ஒற்றை ஆளாக என்ன செய்வது என்று அவன் விழித்துக்கொண்டிருக்கையில், கூப்பிடாமலே ஊர் மண்வெட்டியோடு வயலில் வந்து இறங்கியது.

"சும்மா எவனாவது வருவானாம்மா?" என்று குருவிடம் முணுமுணுத்தான்.

"ஒரு கை மறு கையைக் கழுவும்னு நம்ம ஊர்ல சொல்லுவாங்களே."

"கழுவுற சாக்குல மோதிரத்தை உருவிட்டா?"

நொசூக்கோ குனிந்து விதை போட்டாள்.

மத்தியானம் புலெலானி வைத்திருந்த தண்ணீர்க் குடம், வந்தவர்கள் குடித்து இரண்டு முறை காலியானது. மாலைக்குள் பாதி வயல் முடிந்தது. பக்கத்து வயல் பங்கானியின் மனைவி, தான் காய்ச்சிய சோளக் கள்ளைப் பானையோடு கொண்டுவந்து வைத்தாள். முதல் மிடறை வயல்காரன் குடிக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். இதில் விஷமில்லை, தைரியமாகக் குடியுங்கள் என்று அதற்குப் பொருள்.

புலெலானி பானையை உற்றுப் பார்த்தான். பங்கானிக்குத் தன் நிலத்தின்மேல் ஒரு கண் என்பது அவனுடைய வெகுநாள் சந்தேகம். ஏதோ வாடை அடிப்பதுபோலவும் பட்டது. புளித்த கள் பின்னே பூவாசமா வீசும்?

"நீ முதல்ல குடி," என்றான் பங்கானியிடம்.

பங்கானியின் முகம் சுருங்கிப்போனது. அவன் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். ஒருவன் மண்வெட்டியைத் தோளில் போட்டான். அதைப் பார்த்து இன்னும் நாலு பேர் எழுந்தார்கள்.

நாளைக்கு ஒருவரும் வரமாட்டார்கள் என்று புலெலானிக்குப் புரிந்தது. ஆனாலும் கை பானைப் பக்கம் போகவில்லை.

நொசூக்கோ அவன் அருகில் வந்து உட்கார்ந்தாள்.

"எந்த வேர் ஆளைக் கொல்லும், எதுல கலந்தா தெரியாதுன்னு இந்த ஊர்ல யாருக்குத் தெரியும்?"

"உங்களுக்கு."

"அப்புறம்?"

"எனக்கு," என்றான், கொஞ்சம் பெருமையாகவே.

"மத்தியானம் பங்கானி உன் குடத்துலேர்ந்து ரெண்டு குவளை குடிச்சான். உன்னை முதல்ல குடிக்கச் சொன்னானா?"