ஊட்டியிலிருந்து போட்ட இணைப்பு

கோயம்புத்தூர் மில் ஒன்றில், எல்லாக் கம்ப்யூட்டர்களையும் இணைக்கும் நெட்வொர்க் சுவிட்சுகளைக் கவனித்துக்கொண்டவள் ஜெசிந்தா. அவள் கணவன் ரெமிஜியுஸ் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தான். முகம் பார்த்து மாசக்கணக்காயிற்று. இப்போது அவன் கப்பல் தூத்துக்குடிக்கு வரப்போகிறது. அவள் லீவு கேட்டாள்.

மேனேஜர் வரதராஜுலு முடியாதென்று தலையை ஆட்டிவிட்டார். "சுவிட்சுல கேபிளைச் செருகி, முன்னால உக்காந்துதாம்மா செட்டிங் மாத்தணும். நீ ஊருக்குப் போயிட்டா யாரு மாத்துறது?"

"நெட்வொர்க் வழியா எங்கிருந்து வேணும்னாலும் மாத்தலாம் சார்."

"எனக்கே பாடமா? வேலையைப் பாரு."

மறுநாள் அவர் குடும்பத்தோடு ஊட்டி போனார். அங்கிருந்து பதறிக்கொண்டு போன் செய்தார். மீட்டிங் ஹாலுக்கு உடனே இணைப்பு வேண்டும் என்று முதலாளி கேட்கிறாராம்.

"நானே செஞ்சிடுவேன் சார். ஆனா நீங்க அங்கிருந்தே செஞ்சா முதலாளி அசந்துடுவார். லேப்டாப்பைத் திறங்க, நான் சொல்லச் சொல்ல டைப் பண்ணுங்க."

அப்படியே செய்தார். இணைப்பு வந்துவிட்டது.

திரும்பி வந்ததும் முதலாளியிடம் மார்தட்டினார். "ஊட்டியில இருந்தே சுவிட்சை மாத்திட்டேன் சார்!"

பக்கத்தில் நின்ற ஜெசிந்தா பணிவாகக் கேட்டாள். "அப்ப தூத்துக்குடியில இருந்தும் மாத்தலாம்தானே சார்?"

மேனேஜர் விழித்தார். விஷயத்தைக் கேட்டறிந்த முதலாளி சிரித்துவிட்டார். "லேப்டாப்போட கிளம்பும்மா."

கப்பல் ஒரே ஒரு பகல்தான் நின்றது. துறைமுக வாசலில் ரெமிஜியுஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "மெலிஞ்சு போயிட்டியே புள்ள" என்றான்.

ஜெசிந்தா அவனைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.