தாத்தா கடித்த துப்பாக்கி

கொன்றையூர் ராஜா வல்லப பூபதி நல்ல மனுஷர். சாமி பக்தி உண்டு, குடிகள் மேல் பிரியம் உண்டு. ஒரே ஒரு பைத்தியம்தான். பழைய துப்பாக்கி என்று யார் எதை நீட்டினாலும் வாங்கி மாட்டிவிடுவார். அரண்மனைச் சுவரில் பல்லி ஓட இடமில்லை.

ஒருநாள் கடற்கரைப் பட்டணத்திலிருந்து சொக்கேசன் என்று ஒரு வியாபாரி வந்தான். வாயெல்லாம் சிரிப்பு. முன்பல் இரண்டுக்கும் நடுவில் ஒரு கிராம்பைச் செருகி வைக்கலாம், அத்தனை இடைவெளி. பட்டுத்துணியைப் பிரித்து ஒரு திரித் துப்பாக்கியை எடுத்தான். குழலெல்லாம் துரு.

"மகாராஜா, இது தங்கள் தாத்தா போரில் பிடித்த துப்பாக்கி!"

ராஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "என்ன வேண்டும், கேள்!"

"அம்மன் கோயில் நந்தவனம் போதும், மகாராஜா."

"கொடுத்தேன்! நாளைக்கே பட்டயம் எழுதித் தருகிறேன்."

சபை ஓரத்தில் பூக்கூடையோடு நின்ற அலமேலுவுக்கு உயிரே போய்விட்டது. அந்த நந்தவனத்துக் குடிசையில்தான் அவள் இருக்கிறாள். அம்மனுக்குத் தினமும் மாலை கட்டுகிறவள் அவள்தான். அவள் விகடகவி நாகலிங்கத்தைப் பார்த்துக் கைகூப்பினாள்.

நாகலிங்கம் துப்பாக்கியை வாங்கி மோந்து பார்த்தார்.

"புளி வாசம் வருகிறதே, வியாபாரியாரே?"

"கப்பலில் புளி மூட்டைக்குப் பக்கத்தில் வந்தது, ஐயா."

"கை படுகிற இடம்தானே தேயும்? இதில் கையே எட்டாத மூலையும் தேய்ந்திருக்கிறதே?"

"எலி சுரண்டியிருக்கும், ஐயா."

"போதும் ஓய்!" என்றார் ராஜா. "எல்லாவற்றுக்கும் அவன்தான் பதில் சொல்கிறானே. என் தாத்தா துப்பாக்கியைச் சந்தேகப்படுகிறீரா?"

நாகலிங்கம் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஐயையோ! தாத்தா காலில் தைத்த குண்டை வைத்தியர் எடுத்தபோது, வலி தாங்காமல் அவர் துப்பாக்கிக் கட்டையைக் கடித்தாராமே. அந்தப் பல் தடத்தைத் தேடினேன். காணோம்."

"அப்படியா? நான் கேள்விப்பட்டதே இல்லையே!"

"நானும் இன்றுதான் கேள்விப்படுகிறேன், மகாராஜா."

சொக்கேசன் குறுக்கே பாய்ந்தான். "இருக்கிறது, இருக்கிறது! அழுக்கில் மறைந்திருக்கும். எண்ணெய் போட்டுத் துடைத்து நாளைக்குக் கொண்டுவருகிறேன்."

மறுநாள் வந்தான். கட்டையின் அடிப்பக்கம் பளிச்சென்று பல் தடம்! ராஜா அதைத் தொட்டுத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "தாத்தா! எவ்வளவு வலித்ததோ!" என்று மூக்கை உறிஞ்சினார். பட்டயம் வந்தது. முத்திரை வைக்க வேண்டியதுதான் பாக்கி. அலமேலு வாய்க்குள் அம்மனைக் கூப்பிட்டபடி நின்றாள்.

நாகலிங்கம் அவள் கூடையிலிருந்து ஒரு கொய்யாக்காயை எடுத்து நீட்டினார். "வியாபாரியாரே, நந்தவனத்துக் காய். இனிமேல் உமக்குத்தானே? ஒரு கடி கடித்து ருசி பாரும்."

சொக்கேசன் சந்தோஷமாக நறுக்கென்று கடித்தான். மெல்லுவதற்குள் காயைப் பிடுங்கித் துப்பாக்கிக் கட்டைக்குப் பக்கத்தில் வைத்தார் நாகலிங்கம்.

கட்டையில் இரண்டு பல், நடுவில் சந்து. காயிலும் இரண்டு பல், நடுவில் அதே சந்து.

ராஜா காயைப் பார்த்தார், கட்டையைப் பார்த்தார், சொக்கேசனின் வாயைப் பார்த்தார். அவன் சட்டென்று வாயை மூடிக்கொண்டான்.

"அப்படியென்றால் நான் இவ்வளவு நேரம் கண்ணில் ஒற்றிக்கொண்டது..."

"இவருடைய கடியைத்தான், மகாராஜா."

"தாத்தா காலில் தைத்த குண்டு?"

"அதை நான்தான் தைத்தேன். தாத்தா மன்னிக்க வேண்டும்." நாகலிங்கம் மேலே பார்த்து ஒரு கும்பிடு போட்டார்.

ராஜாவுக்குக் கோபம் வரப் பார்த்தது, சிரிப்பு முந்திக்கொண்டது. சபையே சேர்ந்து சிரித்தது. எழுதிய பட்டயத்தைக் கிழித்தார். நந்தவனம் என்றைக்கும் அம்மனுக்கே என்று புதுப் பட்டயம் எழுதி அலமேலு கையில் கொடுத்தார். சொக்கேசனை ஊர் எல்லை தாண்டி விட்டுவரச் சொன்னார். தம் கழுத்து முத்துமாலையைக் கழற்றி நாகலிங்கத்துக்குப் போட்டார்.

"ஓய், நேற்று மோந்தபோதே உமக்குத் தெரிந்துவிட்டதா?"

"தெரிந்துவிட்டது, மகாராஜா. புளியும் உப்பும் தடவி வரவழைத்த புதுத்துரு."

"அப்புறம் நேற்றே அடித்துச் சொல்வதற்கென்ன?"

"தேய்மானத்தைக் காட்டினேன், எலி என்றார். தாங்களும் நம்பினீர்கள். சரி, கடித்துக் காட்டினால்தான் நம்புவீர்கள் என்று தோன்றியது. என் பல்லை எதற்குக் கெடுத்துக்கொள்வது? அவரையே கடிக்கவிட்டேன்."