ராஜவீதியில் கால் பட்ட கதை

மலையிலிருந்து மேகம் இறங்கிவந்து தெருவில் உலாவும் பனிக்காவூர் என்றொரு நகரம் முன்னொரு காலத்தில் இருந்தது. அதை மழைவண்ணன் என்ற மன்னன் ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் ஒரு மனசு, மாலையில் ஒரு மனசு.

ஒருநாள் அவன் கண் விழித்ததும் விழிக்காததுமாகச் சபைக்கு வந்தான்.

"கனவில் நம் ராஜவீதியைக் கண்டேன். அது ஆறு மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. பூக்காரி மெதுவாக மிதந்து போனாள். சுமைக் காவடிக்காரன் அவளைத் தாண்டிப் போனான். நடுவில் தேர் போனது. யாரும் யாரையும் இடிக்கவில்லை. எனக்கு அந்த வீதி வேண்டும்!"

ஆனால் நிஜ ராஜவீதியில் முந்தின நாள்தான் தயிர்க்காரி நாகம்மையின் கால்மேல் தேர்ச்சக்கரம் ஏறியிருந்தது. அது தேர்ப்படைத் தலைவர் வயப்புலியின் தேர்.

அமைச்சர் பொன்னெழினி எழுந்தாள். "மன்னா, வீதி அகலமானதுதான். அவரவருக்கு ஒரு பாதை பிரித்துக் கொடுத்தால்…"

வயப்புலிக்கு அவள் வாயைத் திறந்தாலே பொறுக்காது. மன்னன் எதற்கெடுத்தாலும் அவளையே கேட்கிறான் என்று நெடுநாள் புகைச்சல்.

"பிரிப்பதாவது! நடக்கிற கூட்டம்தான் தொல்லை. அவர்கள் பின்னால் இருக்கும் சாக்கடைச் சந்தில் போகட்டும். எந்தக் காலும் ராஜவீதியில் படக்கூடாது. மீறினால் பதவி, பட்டம், வீடு எல்லாம் பறிபோகும். இப்படி ஆணையிடுங்கள் மன்னா, வீதி தானாக ஓடும்!"

"ஆகா!" என்றான் மன்னன். ஓடும் என்ற சொல் அவனுக்குப் பிடித்துவிட்டது.

பொன்னெழினி மெல்லக் கேட்டாள். "எந்தக் காலுமா, தலைவரே?"

"எந்தக் காலும்! யாருக்கும் விலக்குக் கிடையாது."

"சரி. உங்கள் வார்த்தையில் ஓர் எழுத்தும் மாற்றாமல் நாளைக் காலை பறையறையச் சொல்கிறேன். மூன்றாம் முறை முழங்கியதும் ஆணை நடப்புக்கு வரும்."

மறுநாள் பனி விலகாத நேரத்திலேயே வயப்புலி தேரேறி வந்துவிட்டார். வெறும் வீதியில் தான் மட்டும் பறக்க வேண்டும் என்ற ஆசை. பாதி வீதி வந்தபோது பறை முழங்கியது.

"எந்தக் காலும் ராஜவீதியில் படக்கூடாது!"

தேரோட்டி குதிரைகளைக் குனிந்து பார்த்தான். பிறகு தலைவரைப் பார்த்தான்.

"ஐயா, இதுங்களுக்கும் கால் இருக்கே!"

"வாயை மூடிக்கொண்டு ஓட்டு!"

இரண்டாம் முறை முழங்கியது. தேரோட்டிக்கு வீடு நினைவுக்கு வந்தது, பிள்ளைகுட்டி நினைவுக்கு வந்தது. நுகத்தடியில் நின்றபடியே குதிரைகளை அவிழ்த்தான், ஒன்றின் முதுகில் தாவினான், மற்றதையும் இழுத்துக்கொண்டு பக்கத்துத் தெருவில் மறைந்துவிட்டான். மூன்றாம் முறை முழங்கியபோது நடுவீதியில் தேரும் அதன்மேல் வயப்புலியும் மட்டும்தான்.

இறங்கலாம். ஆனால் இறங்கினால் கால் படும். கால் பட்டால் பதவி போகும்.

வீதி அப்படியொரு அமைதியை அதுவரை கண்டதில்லை. பனி வெள்ளைத் துணிபோல மெல்லப் புரண்டு வந்து தேரைச் சுற்றிக்கொண்டது. புங்கமரங்கள் பூ உதிர்த்தன. கடைகள் திறந்திருந்தன, வாங்க ஆளில்லை. வயப்புலி மேகத்தில் மிதப்பவர்போலத் தெரிந்தார். வெயில் ஏற ஏறப் பசி வந்தது.

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. காலில் கட்டோடு நாகம்மை.

"அண்ணே, ஏதாச்சும் சாப்டீங்களா?"

வயப்புலி தலையைத் திருப்பிக்கொண்டார்.

"கோவத்தை அப்புறம் பாத்துக்கலாம். இந்தாங்க." மாங்காய் பறிக்கும் தொரட்டியின் நுனியில் தயிர்ச்சோற்றுக் கலயத்தைக் கட்டி நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார். ஒரு வாய் உண்டதும் அவள் காலில் இருந்த கட்டைப் பார்த்தார்.

"வலிக்கிறதா, அம்மா?"

"ராத்திரியில தான் வலிக்குது. பகல்ல தெருவப் பாத்துக்கிட்டு இருந்தா தெரியாது. இன்னிக்குப் பாக்கறதுக்கு உங்களத் தவிர ஒருத்தரும் இல்ல."

இதற்குள் அரண்மனை வாசலில் வேறொரு ரகளை. கோயிலுக்குப் புறப்பட்ட மன்னனின் பல்லக்கைத் தூக்குகிறவர்கள் வாசற்படியோடு நின்றுவிட்டார்கள்.

"எங்களுக்கும் கால் இருக்குங்களே, மகாராசா!"

மன்னன் பொன்னெழினியைக் கூப்பிட்டுக் கத்தினான். "என்ன கூத்து இது? என் வீதியில் நானே போக முடியாதா?"

"மன்னா, தேரானாலும் பல்லக்கானாலும் கீழே ஏதோ ஒரு கால் நடந்துகொண்டுதான் இருக்கிறது. தேரில் வருகிறவரும் கடைவாசலில் இறங்கி நடக்கத்தானே வேண்டும்? கால்களை விரட்டிவிட்டோம், வீதியும் நின்றுபோயிற்று."

மன்னன் வெறிச்சோடிய வீதியைப் பார்த்தான். நடுவில் கலயத்தோடு உட்கார்ந்திருந்த வயப்புலியைப் பார்த்தான். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"ஆணையை விலக்கு! உன் பாதைகளைப் போடு."

"வீதி காலியாக இருக்கும்போதே போட்டுவிடலாம், மன்னா."

ஊர்ப் பெண்கள் கோலமாவோடு வந்தார்கள். ஈரத் தரையில் வெள்ளைக் கோடுகள் நீண்டுகொண்டே போயின. இரு ஓரமும் மரநிழலில் நடப்பவர்களுக்கு, அதையடுத்துத் தள்ளுவண்டிக்கும் காவடிக்கும், நடுவில் தேருக்கு. கடைத்தெரு வரும் இடத்தில் நடுப்பாதையை வேண்டுமென்றே வளைத்து வரைந்தாள் பொன்னெழினி.

"இது எதற்கு?" என்றான் மன்னன்.

"வளைவில் எந்தக் குதிரையும் பறக்காது."

பின்னாளில் கொத்தர்கள் அந்தக் கோட்டின்மேலேயே கல் பதித்து, நடைபாதையை ஒரு படி உயர்த்திக் கட்டினார்கள். அன்றே மன்னன் தன் முத்துமாலையைக் கழற்றிப் பொன்னெழினிக்குப் போட்டான்.

வயப்புலியிடம் சொன்னான்: "தலைவரே, நாகம்மை எழுந்து நடக்கும்வரை தேரைத் தொடாதீர். அவள் தயிர்க்குடத்தை நீர்தான் தெருத்தெருவாகக் கொண்டு போக வேண்டும்."

மறுநாள் காலை வயப்புலி குடத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டு பனிக்குள் நடந்தார். பழக்கமில்லாததால் கோடு தாண்டிவிட்டார். பின்னாலிருந்து ஒரு தள்ளுவண்டிக்காரன் குரல் கொடுத்தான்.

"யாருய்யா அது? கொஞ்சம் ஓரமா போங்க!"

வயப்புலி ஓரமாகப் போனார்.