வரப்பில் அரை அடி

பக்கிரிசாமிக்கு ஐம்பத்தெட்டு வயது. அவர் குருவாக ஏற்றுக்கொண்ட நீலாயதாட்சி அம்மாளுக்கு நாற்பதுதான். ஊர் கேலி பேசியது. அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வரப்பு விஷயத்தில் மட்டும் அவர் யார் சொன்னாலும் கேட்கிற ஆளில்லை.

அவர் வயலுக்கும் உத்திராபதி வயலுக்கும் நடுவே ஒரே ஒரு வரப்பு. இரண்டு வீட்டு நெல்லும் அதன் வழியாகத்தான் களத்துக்குப் போக வேண்டும். நடவுக்கு முன்னால் வரப்பைச் செதுக்குகிற சாக்கில் இவர் ஒரு கொத்து கூடுதலாக வெட்டுவார். உத்திராபதி சும்மா இருப்பாரா? அந்தப் பக்கம் இரண்டு கொத்து. இருபது வருஷத்தில் அது ஓணான் ஓடுகிற அகலத்துக்கு வந்துவிட்டது.

இந்த அறுவடையில் ஒருவராலும் அதன்மேல் சுமையோடு நடக்க முடியவில்லை. அறுத்த கட்டுகள் இரண்டு வயலிலும் அப்படியே கிடந்தன. கிழக்கே மேகம் கூடிக்கொண்டிருந்தது. மழை இறங்கினால் வருஷத்துச் சோறு போச்சு. பக்கிரிசாமி அம்மாளிடம் ஓடினார்.

"திங்கக்கிழமை சர்வேயர் வர்றாரும்மா. நீங்களே சொல்லுங்க. அந்த அரை அடி எனக்குச் சொந்தமா, அவனுக்கா?"

"வயலுக்குப் போவோம்" என்றார் அம்மாள்.

அங்கே போனதும் ஒரு நெற்கட்டைத் தன் தலையில் தூக்கிவிடச் சொன்னார். பக்கிரிசாமி பதறினார்.

"நீங்க சுமக்கிறதா?"

"தூக்கிவிடுங்க."

நாலு எட்டு வைத்திருப்பார். வரப்பு சரிந்தது. அம்மாளும் கட்டும் சேற்றில் கிடந்தார்கள்.

முகத்துச் சேற்றை வழித்துக்கொண்டே அவர் சிரித்தார். பக்கிரிசாமிக்கு உடம்பெல்லாம் கூசியது. மண்வெட்டியை எடுத்தார். தன் வயலில் மண்ணை வெட்டி வரப்பில் போட்டு அணைத்தார்.

உத்திராபதி ஓடிவந்தார். "என்னய்யா, மறுபடியும் வெட்ட ஆரம்பிச்சிட்டியா?"

"ஆமா. என் பக்கம்தான் வெட்டுறேன். நல்லாப் பார்த்துக்க."

உத்திராபதி பார்த்தார். சேறு அப்பிய அம்மாளையும் பார்த்தார். விறுவிறுவென்று வீட்டுக்குப் போனவர் மண்வெட்டியோடு திரும்பி வந்தார்.

பொழுது சாயும்வரை இருவரும் வெட்டிப் போட்டு மிதித்தார்கள்.

மறுநாள் காலையில் மண் இறுகியிருந்தது. மழை இன்னும் இறங்கவில்லை. பக்கிரிசாமி வரப்பின் நடுவில் நின்று காலை ஊன்றிப் பார்த்தார். மனசு குளிர்ந்துதான் இருந்தது. ஆனாலும் பழைய புத்தி ஒரே நாளில் எங்கே போகும்? பக்கத்தில் நின்ற அம்மாளிடம் கேட்டார்.

"அம்மா, என் மண்ணும் அவன் மண்ணும் கலந்துபோச்சு. இப்ப இது யாருக்குச் சொந்தம்?"

எதிரே, தலையில் நெற்கட்டோடு உத்திராபதி வந்துகொண்டிருந்தார்.

"சுமையோட வர்றவருக்கு" என்றார் அம்மாள். "நீங்க வெறுங்கையோட நிக்கிறீங்க. இறங்கி வழி விடுங்க."