புளியாரையை விதைத்தவர்

முன்னொரு காலத்தில், கொசுகூட அனுமதி கேட்டுவிட்டுக் கடிக்கும் அளவுக்குப் பயபக்தி மிகுந்த ஒரு நாட்டை மகுடராயர் என்ற அரசர் ஆண்டு வந்தார். அரசரின் தலைக்கு மேல் எவர் தலையும் உயரக் கூடாது என்பது அங்கே வழக்கம். காலில் தைத்த முள்ளை எடுக்க அவர் குனிந்தால் சபையே குனியும்.

ஒருநாள் அரசருக்குக் கோபம் வந்தது. நந்தவனத்தில் மல்லிகையைக் காணோம். எங்கு பார்த்தாலும் மஞ்சள் பூவோடு புளியாரைக் களை.

நந்தவன அதிகாரி திருமேனிநாதர் பல காலமாக அதனோடு போராடித் தோற்றவர். அரசவை விகடன் சடையாண்டியின் மேல் அவருக்குத் தீராத பொறாமை. "பிரபு, சடையாண்டியின் புத்திக்கு இது ஒரு பொருட்டா? அவனிடமே விடுங்கள்" என்றார் பவ்வியமாக.

"நல்லது. பௌர்ணமிக்குள் நந்தவனம் சுத்தமாக வேண்டும், சடையாண்டி. இல்லையேல் பெண்டாட்டியை அழைத்துக்கொண்டு நாட்டை விட்டே போய்விடு" என்றார் அரசர்.

"மூட்டை கட்டக் கயிறு வேண்டுமானால் சொல்லப்பா" என்று காதைக் கடித்தார் திருமேனிநாதர்.

"கயிறு உங்களிடமே இருக்கட்டும், ஐயா. தேவைப்படும்" என்றான் சடையாண்டி.

குந்திப் பிடுங்கினான். இடுப்பு ஒடிந்தது, இன்னும் பிடுங்கினான். இந்தப் பாத்தியை முடித்துத் திரும்பினால் அந்தப் பாத்தியில் புளியாரை சிரித்தது. இதற்கு ஒரு வேர் இருக்கும், அதைப் பார்க்காமல் விடுவதில்லை என்று நந்தியாவட்டைப் புதருக்குள் போய் உட்கார்ந்துகொண்டான். எறும்பு கடித்தது. அசையவில்லை.

மாலையில் அரசர் சால்வையைப் போர்த்திக்கொண்டு தனியாக உலாவ வந்தார். இப்படியும் அப்படியும் பார்த்தார். குந்தினார். முற்றிய புளியாரைக் காய் ஒன்றை விரலால் தொட்டார். பட்டென்று வெடித்து விதை நாலாபக்கமும் தெறித்தது. கிளுகிளுவென்று சிரித்துவிட்டு அடுத்த காய்க்கு நகர்ந்தார். பாத்தி பாத்தியாக நகர்ந்தார்.

மறுநாள் சபையில் சடையாண்டி கைகட்டி நின்றான். "பிரபு, பிடுங்கப் பிடுங்க ஒருவர் விதைத்துக்கொண்டே போகிறார். விதைத்தவரே பிடுங்க வேண்டும் என்று ஆணையிட வேண்டும்."

இவன் ஏதோ ஏழைத் தோட்டக்காரனை மாட்டிவிடப் போகிறான் என்று நினைத்தார் திருமேனிநாதர். பழி தன்னை விட்டுப் போனால் சரி. "எப்பேர்ப்பட்டவனானாலும் விடக் கூடாது, பிரபு" என்றார்.

"ஆணையிட்டோம். நம் சொல் மாறாது. யார் அவன்?"

"சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. தங்கள் சால்வை சொல்லும். நேற்று மாலை போர்த்தியிருந்ததைத் தாம்பாளத்தில் உதறச் சொல்லுங்கள்."

உதறினார்கள். பொடிப்பொடியாய் விதைகள் தாம்பாளத்தில் உதிர்ந்தன.

அரசர் ஒரு விதையை விரலால் உருட்டினார். "தொட்டால் வெடிக்கிறதடா" என்றார் மெல்ல.

"தெரியும், பிரபு. நானும் இரண்டு வெடித்துப் பார்த்தேன்."

சொன்ன சொல் மாறாத அரசர் நந்தவனத்துக்கு நடந்தார், குந்தினார். உடனே மந்திரி குந்தினார், சேனாதிபதி குந்தினார், புலவர்கள் குந்தினார்கள். அரசர் பிடுங்கும்போது சும்மா குந்தியிருக்க முடியுமா? எல்லோரும் பிடுங்கினார்கள்.

"வேரோடு, ஐயா. கணுவுக்குக் கணு வேர்விடும். துண்டு நின்றாலும் தழைத்துவிடும்" என்று குந்தியபடியே மேற்பார்வை பார்த்தான் சடையாண்டி. திருமேனிநாதர் தம் கயிற்றால் புளியாரையைக் கட்டுக்கட்டாகக் கட்டினார். பொழுது சாய்வதற்குள் நந்தவனம் துடைத்த தாம்பாளம் போலாயிற்று. கட்டுகள் துவையலுக்கு மடைப்பள்ளி போயின.

நிமிர்ந்த அரசர், சேற்றில் தவழும் தம் சபையைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தார். கையிலிருந்த பொற்காப்பைக் கழற்றிச் சடையாண்டிக்குப் போட்டார். "இனி நாம் மாலையில் என்னடா செய்வது?" என்றார் கொஞ்சம் ஏக்கமாக.

"முற்றத்தில் கல்தொட்டியில் ஒரு செடி வைத்திருக்கிறேன், பிரபு. ஆசைதீர வெடியுங்கள். விதை மண்ணில் விழாமல் வேட்டியை விரித்துப் பிடிக்கத் திருமேனிநாதர் இருக்கிறார்."

அன்று மாலையே அவர் பதவி ஏற்றார். முதல் விதை அவர் மூக்கில் விழுந்தது. அரசர் சிரித்த சிரிப்பு அடங்கியதும் நானும் இந்தக் கதையை முடித்துக்கொள்கிறேன். இன்னும் அடங்கவில்லை என்று கேள்வி.